இரண்டு புள்ளி

கடிதத்தை நான்காவது முறையாகப் படித்துவிட்டு, பேருந்தின் வெயில் மறைப்பில் செருகினாள் வெர்லீன். மேல்முறையீடு நிராகரிக்கப்பட்டது. அறிவுத்திறன் தேர்வில் மகள் டீஷா வாங்கியது நூற்றிருபத்தெட்டு. மீத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளிக்குத் தேவை நூற்றுமுப்பது. அந்தப் பள்ளி அவர்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறது. அதற்கு வசதியான மேட்டுப் பகுதிப் பிள்ளைகளை ஆறு வருடமாகத் தினமும் ஏற்றி வந்து இறக்குகிறவளும் அவள்தான். ஓட்டுநர் பிள்ளை கூடவே வரலாம் என்றொரு விதி இருப்பதால் டீஷா முதல் இருக்கையில் வருவாள். எல்லோரும் இறங்கிய பிறகு, காலிப் பேருந்தில் தன் பழைய பள்ளிக்குப் போவாள்.

நேற்றைய விசாரணையில் பெற்றோர் பிரதிநிதியாக மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் மெரெடித். "வருத்தமாத்தான் இருக்கு வெர்லீன். ஆனா விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்று தலையைச் சாய்த்துச் சொன்னாள். அந்தச் சாய்ப்பை நினைத்தாலே வெர்லீனுக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வந்தது.

ஆறாவது நிறுத்தத்தில் அதே மெரெடித் காப்பிக் கோப்பையோடு நின்றாள். அவள் மகன் ஓவன் ஏறி டீஷாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எங்க ஸ்கூலுக்கு எப்ப வரப்போற?"

"வரல. ரெண்டு புள்ளி கம்மியாம்."

"அவ்ளோதானா? எனக்கு அஞ்சு கம்மி. அம்மா ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. அங்க மறுபடி டெஸ்ட். அதே கலர் கட்டைங்கதான். வீட்ல ஏற்கெனவே வாங்கி வெச்சு அடுக்கிப் பாத்திருந்தேனா, டக்குனு முடிச்சிட்டேன்."

பிள்ளைகள் ஓட்டுநர் காதுபட எதையும் பேசுவார்கள். ஓட்டுநருக்கும் காது உண்டு என்பது அவர்கள் வீட்டில் யாருக்கும் தோன்றாது போலிருக்கிறது. கதவை மூடப் போன வெர்லீன் கையை எடுத்தாள்.

"மெரெடித் மேடம், ஒங்க பையனுக்கு அஞ்சு புள்ளி கம்மியாமே."

மெரெடித்தின் முகம் ஒரு நொடி வெளிறி, உடனே சரியானது. "வெளி டாக்டர் ரிப்போர்ட்ட விதியே ஏத்துக்குது. நீங்களும் கொண்டு வந்திருக்கலாமே."

"அந்த டாக்டர் ஃபீஸ் என்னோட மூணு வாரச் சம்பளம். கட்டைய வாங்கிக் குடுத்துப் பழக்கலாம்னும் எனக்கு யாரும் சொல்லல. நேத்து மூஞ்சிக்கு நேரா ஒக்காந்திருந்தீங்களே, நீங்களாவது சொல்லியிருக்கலாம்."

"பிள்ளைங்க முன்னாடி இது வேணாம்." மெரெடித் குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு. இது எங்க ஸ்கூல் பஸ். ஒங்க பொண்ணு இதுல வர்றதப் பத்தி ஆபீஸ்ல கேக்க வேண்டியிருக்கும்."

"கேளுங்க. ஸ்கூல்ல அவளோட எடத்தத்தான் எடுத்துக்கிட்டீங்க, பஸ் சீட்டு மட்டும் எதுக்கு பாக்கி?"

கதவை அறைந்து மூடினாள். மெரெடித்தைக் கீழே தள்ளி மேலே பேருந்தை ஏற்றியிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அவள் வெட்கப்படவில்லை.

பள்ளி வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்தாள். பிள்ளைகள் வழக்கம்போல வரிசையில் இறங்கினார்கள். எண்ணிப் பார்க்கக் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள். முதல் இருக்கை காலியாக இருந்தது.

வரிசையின் கடைசியில், ஓவனுக்குப் பின்னால், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டீஷா நின்றாள்.

ஓவன் இறங்கினான். "ஒக்காருடி" என்று சொல்ல வெர்லீன் வாயெடுத்தாள். பின்னால் நின்ற பேருந்து ஒலியெழுப்பியது. டீஷா படியில் ஒரு காலை வைத்துவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். வெர்லீனின் கை கதவை மூடாமல் பிடியில் அப்படியே இருந்தது.