சம்பந்திக்குத் தலைநகரம் காட்டிய நேசம்

கேரள எல்லையோரக் குளத்தூரில் இருக்கும் நேசம் திருவனந்தபுரத்தை ஒருநாளும் திருவனந்தபுரம் என்று சொன்னதில்லை. தலைநகரத்தை மலையாளத்தில் சொல்வது போல, தலஸ்தானம் என்றுதான் சொல்வாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில், சொந்த வீட்டுப் பின்கட்டைப் பற்றிப் பேசுவது போல ஒரு சாதாரணம் இருக்கும். காரணமில்லாமல் இல்லை. தொழிலுறுதி என்கிற நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களில் அவளைப் போலத் தலஸ்தானத்துக்குப் போய் வந்தவள் யாரும் கிடையாது. ரோட்டுக்குத் தார் கேட்டுப் போயிருக்கிறாள். ரேஷன் அரிசியில் கல் என்று போயிருக்கிறாள். எதற்கென்று விளங்காமலே இரண்டு மூன்று தடவை போயிருக்கிறாள். யார் பஸ் பிடித்துப் போராட்டத்துக்குக் கூப்பிட்டாலும் முன்சீட்டில் நேசம் இருப்பாள். இறங்கி, கொடி பிடித்து, நடந்து, தலைமைச் செயலக வாசலில் உட்கார்ந்து, கோஷம் போட்டு, பொட்டலச் சோறு தின்று, அதே பஸ்ஸில் ஏறி வீடு வந்து சேருவாள். இருபது வருஷமாக அவள் பார்த்த தலஸ்தானம் அவ்வளவுதான்.

அவள் மகன் அஜீஷுக்குப் போன மாதம் சென்னையில் கல்யாணம் ஆனது. பெண் ஜோஸ்னா. அவளுடைய அப்பா பொன்னையனும் அம்மா ரோஸ்லெட்டும் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க முதன்முதலாகக் குளத்தூருக்கு வந்திருந்தார்கள். பொன்னையனின் பூர்வீகம் மார்த்தாண்டம் பக்கம் என்றாலும் அவர் பிறந்தது பெரம்பூரில். மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊருக்குப் போனாலும் போனில் படம்பிடித்து, தானே பேசி, தங்கள் அடுக்குமாடி வீட்டுக்காரர்களின் குழுவில் போட்டுவிடுவார். அதில் அவருக்கு ஒரு கொள்கை உண்டு.

"எல்லாரும் பாக்குற இடத்தை நாம எதுக்குப் பாக்கணும்? உள்ளூர்க்காரங்களுக்கு மட்டும் தெரிஞ்ச இடம் இருக்கும் பாருங்க, அதுதான் எனக்கு வேணும். திருவனந்தபுரத்தை நல்லா தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா, சம்பந்தியம்மா?" என்று ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கேட்டார்.

நேசம் கிழங்கும் மீன்கறியும் தட்டுகளில் விளம்பிக்கொண்டிருந்தாள். "அதுக்கு ஆளு எதுக்கு அண்ணே தேடணும்? தலஸ்தானம் முழுக்க எனக்கு அறியும். நான் கொண்டுபோய்க் காட்டுதேன்."

அவள் புருஷன் அருமநாயகத்துக்குப் புரையேறியது. நேசம் அவரைப் பார்த்த பார்வையில் அது உடனே நின்றது.

"மியூசியமெல்லாம் பாத்திருக்கீங்களா?" என்று ரோஸ்லெட் கேட்டாள்.

"பலவட்டம்," என்றாள் நேசம். அது பொய்யல்ல. பல ஊர்வலங்கள் மியூசியம் சந்திப்பிலிருந்துதான் புறப்படும். ஒவ்வொரு தடவையும் மியூசியத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றிருக்கிறாள்.

திங்கட்கிழமை காலையில் புதுமணத் தம்பதிகளை அழைத்துக்கொண்டு அருமநாயகம் வெள்ளறடையில் இருக்கும் தங்கச்சி வீட்டு விருந்துக்குப் போனார். நேசம் சம்பந்திகளோடு திருவனந்தபுரம் பஸ் ஏறினாள். அமரவிளை தாண்டும்போதே ஆரம்பித்துவிட்டாள். "இதாக்கும் பழைய செக்போஸ்டு. கோழி லாரியெல்லாம் இங்க வரிசையா நிக்கும். நாத்தம் பஸ்ஸுக்குள்ள வரும்." பொன்னையன் அவசரமாகப் போனை எடுத்தார். படத்தில் ஒரு பழக்கடையும் பஸ் கம்பியும் விழுந்தன.

தம்பானூரில் இறங்கியதும் நேசத்துக்கு முதல் சங்கடம் வந்தது. போராட்டப் பஸ் எப்போதும் போராட்ட இடத்திலேயே கொண்டு இறக்கிவிடும். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போக அவளுக்கு வழி தெரியாது. கோப்பு வைத்த தோல்பையோடு வேகமாகப் போன ஒரு மனிதர் செயலகத்துக்குத்தான் போவார் என்று கணக்குப் போட்டு அவர் பின்னாலேயே நடந்தாள். கணக்கு பிசகவில்லை. செயலகத்தின் நீளமான மதில் கண்ணில் பட்டதும் அவளுக்கு உயிர் வந்தது. இனி எல்லாம் அவள் ராஜ்ஜியம்.

"இந்த மதிலைப் பாருங்க அண்ணே. மத்தியானம் வரைக்கும் இங்க நிழல் உண்டு. எதிர்ப்பக்கம் இருந்தா உச்சி பொரிஞ்சு போவும். இந்த நிழலுக்கு வேண்டி எத்தனை கட்சிக்காரங்க அடிபிடி நடத்தியிருக்காங்க தெரியுமா?"

பொன்னையன் நிழலில் உட்கார்ந்து பார்த்தார். குளுமையாகத்தான் இருந்தது. போனை முகத்துக்கு நேரே பிடித்தார். "நண்பர்களே, எந்த டூரிஸ்டுக்கும் தெரியாத நிழல் இது."

அடுத்து பூட்டிக் கிடந்த ஒரு கடையின் படிக்கட்டைக் காட்டினாள். போலீஸ் தண்ணீர் பீய்ச்சும்போது மூன்றாவது படியில் ஏறி நின்றால் புடவை நனையாது. பொன்னையன் மூன்றாவது படியில் ஏறி நின்றார். பிறகு இரண்டாவது படியில் இறங்கி வித்தியாசம் பார்த்தார். தண்ணீர் இல்லாததால் வித்தியாசம் தெரியவில்லை. அப்புறம் எலுமிச்சைச் சாறு விற்கும் ஒரு பெட்டிக்கடை. கோஷம் போட்டுத் தொண்டை கட்டினவர்களுக்கு அங்கே கேட்காமலே உப்பு கூட்டிப் போடுவார்கள். பொன்னையன் இரண்டு தம்ளர் குடித்தார்.

ரோஸ்லெட்டுக்குக் கால் வலித்தது. "ஏதாவது மிருகம் கிருகம் பாக்கலாமா?" என்றாள்.

மியூசியமும் மிருகக்காட்சிசாலையும் ஒரே வளாகம். அது நேசத்துக்குத் தெரியும். வாசல் எந்தப் பக்கம் என்பதுதான் தெரியாது. பாளையம் வழியாக நடத்திக் கூட்டிப்போனாள். சந்திப்பு வந்ததும் வழக்கம் போல ரோட்டைப் பார்த்து நின்றுவிட்டு, மெதுவாகத் திரும்பி, "அக்கா, உங்களுக்குக் கண்ணு நல்லா தெரியுமில்லியா, கேட்டு எங்க இருக்குண்ணு பாருங்க," என்றாள். ரோஸ்லெட் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வாசலைக் காட்டினாள்.

டிக்கெட் கொடுக்கும் ஜன்னல் சாத்தியிருந்தது. காவல்காரர் கையை விரித்தார். திங்கட்கிழமை விடுமுறை.

நேசத்துக்கு அந்தக் காவல்காரரின் காலில் விழுந்து கும்பிடலாம் போல இருந்தது. முகத்தை மட்டும் தொங்கப்போட்டுக்கொண்டாள். "திங்களாழ்ச்சை இல்லியா, மறந்தே போச்சு. திறந்திருந்தா ஒரு மூலை விடாம காட்டியிருப்பேன்."

"உள்ளே என்னதான் இருக்கு?"

"பழைய சாதனங்கள்," என்றாள் நேசம்.

பசியோடு திரும்பி நடந்தார்கள். செயலகத்தை நெருங்கும்போது வெல்லமும் தேங்காய்ப்பாலும் கொதிக்கிற வாசனை வந்தது. நடைபாதையோரம் பெரிய அடுப்பு. அதன்மேல் ஓர் ஆள் உட்கார்ந்து குளிக்கலாம் போல ஓர் உருளி. சுற்றிலும் வெள்ளை வேட்டியும் தோளில் துவர்த்துத் துண்டுமாக ஐம்பது அறுபது பேர். விருந்துச் சமையல்காரர் சங்கத்தின் போராட்டம். உருளியருகே மைக்கோடு நின்றவர் அமரவிளைப் பரமசிவன். தாலுக்காவில் பாதிக் கல்யாணத்துக்குப் பாயசம் வைக்கிறவர்.

"நேசக்கா, இன்னைக்கு நீங்களும் உண்டா?"

"இல்ல அண்ணே, சம்பந்தியைச் சுத்திக் காட்ட வந்தேன். என்ன விஷயம்?"

பரமசிவன் துவர்த்தால் கழுத்தைத் துடைத்தார். "மண்டபத்துல மாப்பிளையும் பெண்ணும் இருக்கிய இடத்துல ஏசி. சாப்பிடுத இடத்துல ஃபேன். நாங்க வேவுத இடத்துல ஒண்ணும் கிடையாது. அதுக்கு வேண்டியாக்கும் ரோட்டுல வந்து சமைக்கோம். இங்க காத்தாவது உண்டே."

கூட்டம் கோஷம் போட்டது. "ஃபேன் தா, ஃபேன் தா, அடுக்களைக்கும் ஃபேன் தா."

பொன்னையன் போனை இறக்கினார். அவர் முகத்தில் முப்பது வருஷ மின்வாரியம் ஏறி உட்கார்ந்தது. "ஃபேனா? அடுப்புக்கு மேல ஃபேன் சுத்தினா தீ அணையாது? புகை எங்கே போகும்? உங்க மூக்குக்குள்ளதான் போகும். நீங்க கேக்க வேண்டியது எக்ஸாஸ்ட்."

கோஷம் நின்றது. சமையல்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சங்கம் ஒரு வருஷம் கூடிப் பேசி முடிவெடுத்த கோரிக்கை அது. பரமசிவன் மைக்கைப் பொன்னையனிடம் கொடுத்தார்.

பொன்னையன் வாழ்க்கையில் மைக் பிடித்தது அதுதான் முதல். ஒரு கையில் மைக், விளக்கிக் காட்ட இன்னொரு கையில் பாயசத் துடுப்பு. காற்று எப்படி உள்ளே வரும், சூடு எப்படி மேலே போகும், சுவரில் எங்கே ஓட்டை போட வேண்டும் என்று தமிழிலேயே பேசினார். துடுப்பிலிருந்து சொட்டிய பாயசத்தில் நடைபாதையிலேயே ஒரு மண்டபத்தின் வரைபடம் விழுந்தது. கைதட்டல் அடங்கியதும் புதிய கோஷம் தேவைப்பட்டது. 'எக்ஸாஸ்ட்' என்ற சொல் யார் வாயிலும் தாளத்துக்கு நிற்கவில்லை. பாதியில் வழுக்கி விழுந்தது.

இதைப் பார்த்துக்கொண்டு நேசத்தால் சும்மா நிற்க முடியுமா. வெயிலுக்குப் பிடித்திருந்த குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "எக்ஸா... எக்ஸா... எக்ஸாஸ்டே... அடுக்களைச் சுவரில் எக்ஸாஸ்டே." ஒரே தடவையில் கூட்டம் பிடித்துக்கொண்டது. பொன்னையன் உருளியைத் துழாவிக்கொண்டே எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார்.

அப்போது போலீஸ் வந்தது. பொது இடத்தில் அடுப்பு மூட்டக் கூடாது, கலைந்து போங்கள் என்று சொன்னார்கள். யாரும் கலையவில்லை. போலீஸ் பஸ் வந்து நின்றது. இந்தக் கட்டம் நேசத்துக்குப் பழக்கம். "அண்ணே, துடுப்பைக் கீழ வச்சிட்டு வாங்க. அந்த மூணாம் படியில போய் நிப்போம்."

"எப்படி வர்றது? கையை எடுத்தா அடி பிடிச்சிடும்," என்றார் பொன்னையன்.

அடுப்பை அணைத்து, உருளியின் காதுகளில் மூங்கில் கோர்த்து, எட்டுச் சமையல்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தார்கள். பக்கத்தில் பொன்னையன் துழாவிக்கொண்டே நடந்தார். துழாவிக்கொண்டே பஸ்ஸில் ஏறினார்.

"அவரை ஏத்திட்டுப் போறாங்க, நேசம்," என்றாள் ரோஸ்லெட்.

"பேடிக்காதீங்க அக்கா. சாயங்காலம் விட்டிருவாங்க. வாங்க, நாமளும் ஏறுவோம். இல்லேங்கி ஆட்டோ பிடிக்கணும்."

போலீஸ் முகாமில் ஒரு பெண் அதிகாரி ஒவ்வொருவராகப் பெயர் எழுதினார். பொன்னையனின் முறை வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். "தமிழ்நாடா? சுற்றிப் பார்க்க வந்தவரா? சார் போகலாம்."

பொன்னையனின் முகம் கறுத்துப்போனது. "எக்ஸாஸ்ட் கேட்டதே நான்தான் மேடம். இவங்க வெறும் ஃபேன்தான் கேட்டாங்க. என் பேரை எழுதாம இங்கிருந்து நகர மாட்டேன்." அதிகாரி இரண்டு தடவை எடுத்துச் சொன்னார். பிறகு, பாயசம் ஆறுகிறது என்பதற்காக எழுதிக்கொண்டார். காகித தம்ளர்களில் எல்லாருக்கும் பாயசம் விளம்பினார்கள். போலீஸ்காரர்களும் குடித்தார்கள். வெல்லம் ஒரு பிடி குறைவு என்று அதிகாரி சொல்லப்போக, பரமசிவன் அப்புறம் யாரோடும் பேசவில்லை.

சுவரோரம் உட்கார்ந்திருந்த நேசத்துக்குப் பாயசம் இறங்கவில்லை. "அக்கா, சொல்லாம இருந்தா சரியாவாது. மியூசியத்துக்க உள்ள நான் போனதே கிடையாது."

"கேட்டை என்னைக் கண்டுபிடிக்கச் சொன்னீங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சு," என்றாள் ரோஸ்லெட். "அந்தத் தம்ளரைக் குடிக்கலைன்னா இப்படிக் குடுங்க."

அவர்கள் வீடு வந்து சேர்ந்தபோது விருந்துக்குப் போனவர்கள் டிவி முன்னால் இருந்தார்கள். செய்தியில் பொன்னையன் துடுப்போடு ஒரு நொடி வந்து போனார். கீழே 'மூத்த சமையல்காரர்' என்று போட்டிருந்தார்கள்.

"நேசம், உனக்க குடை டிவியில தெரிஞ்சு. நீ தெரியல்ல," என்றார் அருமநாயகம்.

அஜீஷ் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். "அம்மா, கல்யாணம் கழிஞ்சு ஒரு மாசம்தான் ஆச்சு. எனக்க மாமனாரைப் போலீஸ் வண்டியில ஏத்திட்டியே."

"மாப்ளே, அம்மாவை ஒண்ணும் சொல்லாதீங்க," என்றார் பொன்னையன். சட்டையெல்லாம் பாயசம். முகமெல்லாம் சிரிப்பு. "டெல்லிக்குப் போயிருக்கேன். சிங்கப்பூர் போயிருக்கேன். எங்கேயும் இவ்வளவு உள்ளே போய்ப் பார்த்ததில்லை. சம்பந்தியம்மா, நாளைக்கு எங்கே?"

நேசம் கூட வேலை செய்கிற விலாசினிக்குப் போன் போட்டாள். தலஸ்தானத்தில் எந்த நாளில் யாருடைய போராட்டம் என்பது விலாசினிக்கு அத்துப்படி. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போனைப் பொத்திக்கொண்டாள். "நாளைக்கு ஸ்கூல் வண்டிக்காரங்களுக்க ஊர்வலமாம் அண்ணே. ஏழு கிலோமீட்டர் நடக்கணும். குடிக்க வெள்ளம்கூட கிடையாதாம்."

"அப்ப புதன்கிழமை?"

"தேனீ வளர்க்கிறவங்க தர்ணா."

"நான் வரலை," என்றாள் ரோஸ்லெட். "நான் அருமநாயகம் அண்ணன் கூட பொழியூர் கடலுக்குப் போறேன்."

பொன்னையன் யோசித்தார். "புதனே இருக்கட்டும். தேனீயையும் கூட்டிட்டு வருவாங்களான்னு மட்டும் கேளுங்க."

நேசம் போனைத் திரும்பக் காதில் வைத்துக் கேட்டாள். அது விலாசினிக்கும் தெரியவில்லை.