பாலிஷ் போட்ட கிண்ணம்

ஊருக்கு வந்த முதல் மோட்டார் காரைக் குதிரை பூட்டி என் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். பின்னாலேயே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார் அதன் டிரைவர், என் தங்கையைக் கட்டியவர். ஓடும்போதே எஞ்சின் இறுகி நின்றுவிட்டதாம். அவர் எண்ணெய் ஊற்ற மறந்துவிட்டார் என்று காரின் முதலாளி முடிவே கட்டிவிட்டார். அது உறுதியானால் வேலை போய்விடும்.

"சத்தியமா ஊத்தினேன் மச்சான். வேணும்னா கிண்ணத்தைப் பாருங்க."

பார்த்தேன். எஞ்சின் மேலிருந்த பித்தளைக் கிண்ணம் நிறைய எண்ணெய். அதிலிருந்துதான் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்க வேண்டும். எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தது.

"வண்டி நின்னப்புறம் ஊத்தியிருப்பான், திருட்டுப் பய" என்றார் எட்டிப் பார்த்த முதலாளி.

அவர் போனதும் கிண்ணத்தைக் கழற்றி ஜன்னலோரம் வைத்துப் புரட்டினேன். அடித்துளை சுத்தமாக இருந்தது. மூடியில் காற்றுக்கென்று ஒரு பொடித்துளை இருக்கும், அதைத்தான் காணோம். நகத்தால் சுரண்டினேன். வெள்ளையாக உதிர்ந்தது, காய்ந்த பாலிஷ்.

அந்தக் காரின் பித்தளையை வேறு யாரும் தொடக்கூடாது. முதலாளியே சட்டைக் கையை மடித்துவிட்டு, பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் தேய்ப்பார். அதில் முகம் தெரிய வேண்டும் அவருக்கு. தேய்த்துத் தேய்த்துத் துளையை அடைத்தே விட்டார்.

மறுநாள் இருவரையும் வைத்துக்கொண்டு விளக்கினேன்.

"டின்ல ஒரே ஓட்டை போட்டுக் கவுத்தா எண்ணெய் வருமாங்க? காத்துக்கு இன்னொரு ஓட்டை வேணும்ல? இதுல அதைப் பாலிஷ் அடைச்சிருக்கு."

கிண்ணத்தில் எண்ணெய் விட்டு, மூடித்துளையை விரலால் அடைத்தேன். சொட்டு நின்றது. விரலை எடுத்தேன், சொட்டியது. முதலாளி மூடியை வாங்கித் துளையைத் தடவிப் பார்த்தார்.

ஓரமாக நின்ற மாப்பிள்ளை திடீரென்று முன்னே வந்தார். "இல்லீங்க ஐயா. நான்தான் மறந்துட்டேன். நின்னப்புறம்தான் ஊத்தினேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

முதலாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "கேட்டியா? சொந்தக்காரனைக் காப்பாத்தப் பழியை என் தலையில போடப் பாத்தியே!" அப்புறம் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "அப்போ நேத்து வரைக்கும் சொன்னது பொய். பொய்யனுக்கு என் வண்டியில இடமில்ல. தொப்பியைக் கழட்டு."

கழற்றிக் கொடுத்துவிட்டு ஒரு கும்பிடும் போட்டார், மகராசன்.

தங்கை வீட்டுக்கு நடந்தோம். "புத்திகித்தி இருக்கா மாப்பிள்ளை உங்களுக்கு? ஏன் அப்படிச் சொன்னீங்க?" மரியாதை குறையாமல் திட்டுவது பெரும்பாடு.

"ஐயா முகம் சுண்டிப்போச்சு மச்சான். என்னால பாக்க முடியல."

என் தங்கை முகத்தை மட்டும் எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் கதவைத் திறந்துவிட்டாள்.