இடது பக்கத்து இருக்கை

"இங்க ஒரு கம்பம் நின்னுச்சே, அது எங்க போச்சு?"

இரண்டு வருடத்துக்கு முன்னால், கிடங்குத் தெரு வளைவில் ஜீப்பைத் திருப்பிக்கொண்டே அப்பா அவளிடம் இப்படிக் கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள். கம்பம் நின்ற இடத்தில்தான் நின்றது. அவள் பக்கத்து ஜன்னலிலிருந்து கையை நீட்டினால் தொடலாம். சிரித்து முடிப்பதற்குள் பக்கக் கண்ணாடி கம்பத்தில் மோதிப் பெயர்ந்து அவள் மடியில் வந்து விழுந்தது.

அப்பா ஜீப்பை ஓரங்கட்டினார். இடது கையைக் காதருகே கொண்டுபோய் விரல்களை ஆட்டி ஆட்டிப் பார்த்தார்.

"அம்மாகிட்ட சொல்லாதே, பாப்பா. தூக்கம் கெட்டதால வந்தது. ரெண்டு வாரத்துல சரியாயிடும்."

சரியாகவில்லை. அப்பா தண்ணீர் பம்ப் பழுது பார்ப்பவர். மேட்டுப் பாதையில் இருக்கிற பண்ணைகளிலும் குவாரிகளிலும் எங்கே மோட்டார் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வண்டி ஓட்டாமல் அந்தத் தொழில் இல்லை. முதலில் சனிக்கிழமைகளில் மட்டும் அவளை இடது பக்கம் உட்கார வைத்துக் கூட்டிப்போனார். பிறகு வெள்ளியும் சேர்ந்துகொண்டது. பிறகு எல்லா நாளும். பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து கேட்டபோது, "அவளுக்குப் படிப்பு ஏறலை" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். அவளும் தலையாட்டினாள். கணக்கில் அவள் வகுப்பிலேயே இரண்டாவது.

வண்டியில் அவள் ஒரு தட்டு தட்டினால் இடது பக்கம் யாரோ இருக்கிறார்கள். இரண்டு தட்டு என்றால் வழி இருக்கிறது, போகலாம். மூன்று தட்டு என்றால் நிறுத்து. ஜீப்பின் தகரத்தில் விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று கேட்கும். பார்க்கிறவர்கள் ஏதோ பாட்டுக்குத் தாளம் போடுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் தொற்றிக்கொண்டது. அப்பா சமையலறைக்குள் வரும்போது அவருக்கு இடது பக்கம் ஒரு வாளி இருந்தால் போதும், அவள் விரல் தானாகத் தட்டும்.

"எப்பப் பாரு டொக்கு டொக்குன்னு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசறதில்லை, விரல் மட்டும் ஓயறதில்லை" என்று அம்மா திட்டுவாள். அத்தைகள் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

ஊமைக்கோட்டானுக்கு ஒவ்வொரு காலையும் ஜீப்பில் ஏறும்போது கண் சிமிட்டவே பயமாக இருக்கும். ஒரு தும்மல் வந்தால்கூட அந்த நேரத்தில் இடது பக்கம் யார் வந்திருப்பார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். அவள் ஒரு தட்டைத் தவறவிட்டால் யாருடைய பிள்ளையோ வீடு திரும்பாது. இது அவளுக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரியும்.

போன மாதம் ஜீப்பின் இன்ஜின் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. அவள் யாருக்கும் தெரியாமல் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷம் ஒன்பது நாள் நீடித்தது. பத்தாம் நாள் மூன்று பேரும் கார் ஷோரூமில் நின்றார்கள்.

உள்ளே குளிராக இருந்தது. புது ரப்பர் வாசனை. முகம் பார்க்கிற அளவுக்குத் தேய்த்த தரையில் இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்று கறுப்பு நிற டீசல் வண்டி. அதன் டயர் அவள் இடுப்புக்கு வந்தது. இன்னொன்று அதற்குத் தம்பி மாதிரி ஒரு சின்ன நீல வண்டி.

டை கட்டிய விற்பனையாளர் இரண்டுக்கும் நடுவில் நின்று இரண்டையும் விட்டுக்கொடுக்காமல் பேசினார். "இது கல்லு முள்ளு எதுல விட்டாலும் போகும் சார். அது ஒரு லிட்டர் போட்டா அடுத்த ஊர் போய்த் திரும்பி வந்துடும்."

"மேட்டுப் பாதையில ரெண்டு மோட்டாரையும் பைப்பையும் ஏத்திட்டு இந்தத் தீப்பெட்டியில போனா, வண்டியை நான் தூக்கிட்டுத்தான் வரணும்" என்றார் அப்பா.

"வாரத்துல ரெண்டு நாள் மேட்டுப் பாதை. மிச்ச அஞ்சு நாளும் ஊருக்குள்ளதானே சுத்தறீங்க?" என்றாள் அம்மா. "இந்த யானையை நம்ம சந்துல எங்க கட்டுவீங்க? என் தலையிலயா?"

"அம்மாவும் அப்பாவும் சண்டை போடறாங்க. நீங்களே சொல்லுங்க பாப்பா, பெரிசா, சின்னதா?" என்று டைக்காரர் அவள் பக்கம் திரும்பினார்.

அவள் கறுப்பு வண்டியின் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தாள். வலது கையை ஸ்டியரிங் பக்கம் நீட்டினாள். நடுவில் அகலமாக ஒரு பெட்டி. கை பாதியிலேயே நின்றுவிட்டது. கதவைத் தட்டிப் பார்த்தாள். தலையணையைத் தட்டியது போலிருந்தது. சத்தமே இல்லை. இறங்கி நீல வண்டியில் ஏறினாள். கை ஸ்டியரிங்கைத் தொட்டது. வேண்டுமானால் திருப்பிவிடவும் முடியும்.

மைலேஜ் என்று அம்மாவும் இழுவை என்று அப்பாவும் பேசிக்கொண்டிருந்த அந்த வண்டிகளை அவள் மட்டும் கை நீளத்தால் அளந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல பெரிசை ஓட்டிப் பாருங்க சார்" என்று டைக்காரர் சாவியை நீட்டினார். "மேடமும் பாப்பாவும் பின்னாடி ஏறிக்கட்டும்."

அப்பாவின் கை சாவிக்கு முன்னால் ஒரு நொடி நின்றது. "பாப்பா முன்னாடி உட்காரட்டுமே. பின்னாடி உட்கார்ந்தா அவளுக்கு வாந்தி வரும்."

"கவர் இருக்கு சார், கவலைப்படாதீங்க. ஓட்டிப் பார்க்கும்போது நான்தான் முன்னாடி இருக்கணும். இங்க அதான் ரூல்."

அம்மா அதற்குள் ஏறிவிட்டாள். அப்பா, கீழே நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தார். அப்பாவின் கண்ணில் பயத்தை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

வண்டி தெருவில் இறங்கியது. டைக்காரரின் தலை அவளுக்குப் பாதி சாலையை மறைத்தது. அவள் கதவைத் தட்டினாள். மெத்தை சத்தத்தை விழுங்கிவிட்டது. ஜன்னல் கண்ணாடியைத் தட்டினாள். டைக்காரர் பாட்டைப் போட்டுவிட்டு, "சவுண்டைக் கேளுங்க சார், தியேட்டர் மாதிரி" என்றார். அவள் நடுவில் நகர்ந்து அப்பாவின் தோளைத் தொட்டாள்.

"ஓட்டற மனுஷனை எதுக்குடி நோண்டறே?" அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

முன்னால் இடது ஓரத்தில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். சைக்கிளின் மேல் பிளாஸ்டிக் வாளியும் குடமும் முக்காலியும் சிவப்பும் பச்சையுமாகக் கோபுரம் போலக் கட்டியிருந்தது. அப்பா இடது பக்கம் திருப்புவதற்கு விளக்கைப் போட்டார். வேகத்தைக் குறைக்கவில்லை. இப்போது குறைப்பார், இப்போது குறைப்பார் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டியரிங் திரும்பியது.

"அப்பா! இடது! நிறுத்துங்க!"

அது தன் குரல் என்றே அவளுக்குத் தெரியவில்லை. வண்டி குலுங்கி நின்றது. சிவப்பும் பச்சையும் கண்ணாடியில் சரிந்து சாலையெல்லாம் உருண்டன. ஒரு கணம் அந்த மனிதரைக் காணவில்லை. பிறகு வாளிகளுக்கு நடுவிலிருந்து அவர் எழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

"கண்ணை வீட்டுல கழட்டி வெச்சுட்டு வந்தியா?" என்று கத்தினார்.

"கண்ணு தெரியாதவனுக்குக்கூடத் தெரியுமே சார், அவ்வளவு பெரிய கோபுரம்!" என்றார் டைக்காரர். அவர் பாட்டை நிறுத்த மறந்துவிட்டிருந்தார்.

எல்லோரும் இறங்கி வாளிகளைப் பொறுக்கிக் கொடுத்தார்கள். அப்பா வலது பக்கம் கிடந்தவற்றை மட்டும் பொறுக்கினார். திரும்பும்போது டைக்காரர்தான் வண்டியை ஓட்டினார்.

ஷோரூம் மேஜையில் தண்ணீர் வைத்தார்கள். அப்பா ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொன்னார்: "பெரிசு நமக்கு ஒத்துவராது. முன்கண்ணாடி ஓரத்துல இருக்கிற தூணு ரோட்டுல பாதியை மறைக்குது. சின்னதையே எடுத்துக்கலாம்."

"இதைத்தானே காலையிலிருந்து தொண்டைத்தண்ணி வத்தக் கத்திட்டிருக்கேன்!" அம்மாவின் முகத்தில் அப்போதுதான் ரத்தம் திரும்பியது. டைக்காரர் விட்டால் போதும் என்று படிவத்தையும் பேனாவையும் எடுத்து வந்தார்.

அப்பா அவளைப் பார்த்து மெல்லச் சிரித்தார். "பாப்பாவும் அதுலதான் கையை நீட்டிப் பார்த்தா. அதுல சரியா வரும். இல்ல பாப்பா?"

அவளுக்குப் புரிந்தது. நீல வண்டியில் கை எட்டும். நாளைக்கும் எட்டும், அடுத்த வருடமும் எட்டும். அவள் தலையாட்டினால் போதும், எல்லாம் முன்பு போலவே நடக்கும். இன்றைக்கு உருண்டது வாளி. அவள் தலையாட்டப் பார்த்தாள். கழுத்து அசையவில்லை.

"ரெண்டும் வேண்டாம்" என்றாள்.

"என்னடி?"

"அப்பாவுக்கு இடது பக்கம் தெரியாதும்மா. ரெண்டு வருஷமா தெரியாது."

அப்பாவின் கையிலிருந்த பேனா படிவத்தின் மேல் நின்றது. டைக்காரர் தண்ணீர் டம்ளரைப் பார்த்தார். அம்மா சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் வாயைத் திறந்தாள். "என்ன உளர்றே? நேத்துகூட பேப்பர் படிச்சாரே. என்னங்க, இவ என்ன சொல்றா? நீங்களாவது வாயைத் திறங்களேன்."

அப்பா பேனாவைச் சத்தமில்லாமல் மேஜையில் வைத்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். கண்ணாடிக் கதவை நோக்கி நடந்தார். கதவுக்கு இடது பக்கம், அழகுக்காக ஒரு புது டயரை இரும்புத் தாங்கியில் ஏற்றி வைத்திருந்தார்கள். அவர் நேராக அதன் மேல்தான் போய்க்கொண்டிருந்தார்.

அவள் விரல் மேஜையைத் தட்டியது. மூன்று தட்டு.

அப்பா நின்றார். திரும்பிப் பார்க்காமல் வலது பக்கம் ஓரடி நகர்ந்தார். அம்மாவின் கண் கதவிலிருந்து டயருக்கும், டயரிலிருந்து மேஜை மேலிருந்த அந்த விரலுக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

அப்பா கதவைத் தள்ளித் திறந்துகொண்டு, வலது கையால் சுவரைத் தொட்டபடி, படியிறங்கிப் போனார்.