கதவுக்கு வெளியே கேட்ட கன்னடம்

1

ஒரு பத்திரிகை கேட்ட கட்டுரையாகத்தான் இது தொடங்கியது: நாவலாசிரியர்கள் நகரத்தைச் சத்தத்தால் எப்படிக் காட்டுகிறார்கள்? மைசூர் மண்டி மொஹல்லாவில் குடியிருந்து, லேத் பட்டறை வேலைக்கு நடுவே இரண்டு நாவல் எழுதிய சென்னிமலை ஒப்புக்கொண்டான். 'நான்' என்று தொடங்கிய வரிகளை அடித்து 'அவன்' என்று மாற்றியதும் அவனேதான்.

'ஜட்காக் குதிரையின் லாடச் சத்தம், பாங்கொலி, இரும்புக் கடையில் தகடு இறக்கும் ஓசை. இவை போதும், மிச்சத் தெருவை வாசகரே கட்டிக்கொள்வார். பார்த்ததைச் சொன்னால் சந்தேகப்படுகிறவர்கூட, கேட்டதைச் சொன்னால்...'

(இந்த வரி இப்படியே நிற்கட்டும். முடித்தால் பொய்யாகிவிடும்.)

2

தொண்ணூற்றொன்று டிசம்பர், காவிரிக் கலவரம், தமிழர் வீடுகளைத் தேடித் தாக்கிய நாட்கள். நடுப்பகல். கடைகளெல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டதால் தெருவில் ஓசையே இல்லை. சென்னிமலையும் மனைவி தேவம்மாவும் கதவுக்குப் பீரோவை முட்டுக்கொடுத்துவிட்டு மூச்சை அடக்கி நின்றார்கள். பக்கத்துத் தெருவில் கண்ணாடி உடைந்தது. பிறகு யாரோ கதவைத் தட்டினார்கள்.

முதல் பிரதியில் 'தட தட' என்று எழுதினான். இரண்டாவதில் 'இடி விழுந்தாற்போல'. மூன்றாவதில் கட்டையால் அடித்தார்கள். [பிரதிக்குப் பிரதி சத்தம் ஏறுவதைக் கவனித்தீர்களா?]

"பாகிலு தெகீரி" என்றது ஒரு குரல். கதவைத் திறக்கச் சொல்லும் கன்னடம். தேவம்மா பீரோவை நகர்த்தக் கை வைத்தாள். அவன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். குரல் இன்னொரு தடவை கேட்டது. அப்புறம் ஓடுகிற காலடிகள். பல காலடிகள்.

3

ஜடையனை எழுதத்தான் தயக்கம். கொள்ளேகால் பக்கத்து ஹனூர்த் தமிழன், அதே பட்டறையில் லேத் ஓட்டியவன். பத்து நாள் கழித்து, வலக்கையில் மாவுக்கட்டோடு கொள்ளேகால் பஸ்ஸுக்கு நின்றிருந்தான். அன்றைக்கு வந்தது தான்தான் என்று அவனே சொன்னான். துரத்தி வந்தவர்கள் காதில் தமிழ் விழக்கூடாதென்று கன்னடத்தில் கூப்பிட்டானாம்.

அவ்வளவு பலமாகத் தட்டியதில் பயந்துவிட்டதாகச் சென்னிமலை சொன்னான்.

"நான் தட்டவே இல்லீங்கண்ணா. தட்டுனா தெருவுக்கே கேட்டுருமே. கதவுல வாய வெச்சு, உங்க பேரச் சொல்லி மெதுவாத்தான் கூப்புட்டேன்."

பஸ் வந்தது. இடக்கையால் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டான்.

4

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தான். ஒன்றில் ஜடையன் மன்னிக்கிறான். நடந்ததில் மன்னிப்பை யாரும் கேட்கவேயில்லை. இன்னொன்றில் கதவு திறக்கிறது. அதைத் தேவம்மாவுக்குப் படித்துக் காட்டினான். 

"எனக்கு அன்னைக்கே பேரு கேட்டுச்சுங்க" என்றாள். "உங்களுக்குக் கேக்கலையா?"

இதற்குக் கீழே அவன் எழுதிய பதில் ஆறு தடவை அடிக்கப்பட்டிருக்கிறது. ஏழாவதை நீங்கள் எழுதுங்கள்.