செவலையின் தாடை

எண்பத்தாறாம் வருசம் ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கொளஞ்சியம்மாள் வீட்டு நாய் சோற்றுத் தட்டின் முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தது. செவலை என்று பேர். கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்த அவர்களுடைய கரும்புக் கொல்லைக்குள் ஆறு வருசமாகக் காட்டுப்பன்றியை நுழைய விடாத நாய். அதன் கீழ்த்தாடை தொங்கிக் கிடந்தது. எச்சில் நூல்நூலாக இறங்கி மண்ணை நனைத்தது. சோற்றை மோந்து பார்க்கிறது, வாயை மூட முடியவில்லை, அவளை நிமிர்ந்து பார்க்கிறது.

இரண்டு நாள் பட்டினி கிடந்தால் தானாகச் சரியாகிவிடும் என்றார் அவள் புருசன் வீரமுத்து. அவளுக்கு மனசு கேட்கவில்லை. செவலையை வண்டியில் ஏற்றி, இரண்டு மைல் தள்ளியிருந்த மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அங்கே டாக்டர் ஆதிமூலம், வேலைக்கு வந்து இரண்டாவது வருசம். போன கோடையில் அவர்கள் பசுவுக்குக் கன்று குறுக்கே கிடந்தபோது, தோள் வரைக்கும் கையை விட்டுத் திருப்பித் தாயையும் கன்றையும் பிழைக்க வைத்தவர். அதிலிருந்து கொளஞ்சியம்மாளுக்கு அவர் சொன்னால் சொன்னதுதான். அன்றைக்கு ஊசி போட முப்பது நாப்பது மாடுகள் வாசலில் நின்றன. அவர் செவலையின் வாயைப் பார்த்தார், எலும்பு மாட்டியிருக்கும் என்றார். அவள் மேல்தாடையைப் பிடித்துக்கொள்ள, அவர் வெறுங்கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டுத் தேடினார். எலும்பு இல்லை. தொண்டையைக் கிழித்துவிட்டு உள்ளே இறங்கியிருக்கும், அதனால்தான் தாடை தொங்குகிறது என்று ஓர் ஊசி போட்டு, வேளைக்கு வேளை கஞ்சியை வாயில் ஊற்றச் சொல்லி அனுப்பினார். மாடுகள் கத்திக்கொண்டிருந்தன. இரண்டு மாதத்துக்குள் வேறு நாய் ஏதும் இதைக் கடித்ததா என்று அவர் கேட்கவில்லை. வைகாசியில் எங்கிருந்தோ வந்த ஒரு சொறிநாய் கொல்லை வரப்பில் செவலையோடு கட்டிப் புரண்டது அவளுக்கும் அப்போது ஞாபகம் வரவில்லை.

இரண்டு நாள் கொளஞ்சியம்மாள் கஞ்சி ஊற்றினாள். கரும்புக்குத் தோகை உரித்து உரித்து அவள் கையெல்லாம் கீறல். அந்தக் கையால்தான் நாயின் நாக்கை ஒதுக்கிவிட்டு ஊற்றினாள். வீரமுத்து அதன் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். ஆடிக்கு அழைத்து வந்திருந்த மகள் அமிர்தம், ஐந்து மாதக் கர்ப்பிணி, பழைய புடவைத் துணியால் எச்சிலைத் துடைத்துவிட்டாள். நகத்தைச் சதை வரைக்கும் கடிக்கிற பழக்கம் அவளுக்கு. வியாழக்கிழமை விடிந்தபோது செவலையின் பின்னங்கால்கள் இழுபட்டன. மத்தியானம் செத்துப்போனது. வீரமுத்து கொல்லை மூலையில் குழி தோண்டிப் புதைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி வாக்கில் ஆதிமூலத்தின் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது. உட்காரச் சொன்னதற்கு அவர் உட்காரவில்லை. நாய் எப்படி இருக்கிறது என்று கேட்டார். கொளஞ்சியம்மாள் சொன்னாள். அவர் முகம் வெளுத்ததை அவள் பார்த்தாள்.

"வூட்ல சோப்பு இருக்காம்மா?" என்றார்.

எதற்கென்று விளங்காமலே அவள் சோப்பை எடுத்துவந்தாள். மூன்று பேரையும் கிணற்றடிக்குக் கூப்பிட்டு முழங்கை வரைக்கும் நுரை போட்டுத் தேய்க்க வைத்தார். தேய்த்து முடித்ததும் திரும்பவும் தேய்க்கச் சொன்னார். அப்புறம்தான் விசயத்தைச் சொன்னார்.

"அது எலும்பு இல்லம்மா. வெறிநோய். வெறிநாயின்னா ஓடி ஓடிக் கடிக்கும்னுதான் எல்லாரும் நெனைப்போம். சிலதுக்கு இப்படித் தாடை தொங்கி, சத்தம் இல்லாமலே வரும். படிச்சவன், எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தப்புப் பண்ணிட்டேன். உங்க கையை அதும் வாயில வைக்கச் சொன்னதும் நான்தான்."

வீரமுத்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். ஆதிமூலம் கையை எடுத்துவிடவில்லை. பிடித்த கைதான் கொஞ்ச நேரத்தில் தானாகத் தளர்ந்தது. அமிர்தம் வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

கொளஞ்சியம்மாளுக்கு வெறிநோய் என்றால் தெரியும். சின்ன வயதில் அவள் தெருவில் ஒருத்தனைக் கட்டிலோடு கட்டிப்போட்டு, தண்ணீர்ச் சொம்பைக் காட்டாமல் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் எடுத்தார்கள். அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்தக் கீறல் பழசு, எந்தக் கீறல் புதுசு என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

குழியைத் தோண்டித் தலையை மெட்ராசுக்குச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், ஆனால் முடிவு வரும்வரை காத்திருக்கக் கூடாது, இன்றைக்கே கள்ளக்குறிச்சிப் பெரியாஸ்பத்திரியில் ஊசியை ஆரம்பித்துவிட வேண்டும் என்றார் ஆதிமூலம். கையில் உறை மாட்டிக்கொண்டு குழியை அவரே தோண்டினார். தலையை டப்பாவில் ஐஸும் மரத்தூளும் போட்டு அடைத்து, மாட்டாஸ்பத்திரி ஆள் ஒருவரிடம் கொடுத்து உளுந்தூர்பேட்டைக்குப் போய் மெட்ராஸ் பஸ் பிடிக்கச் சொன்னார். செவலையை அப்படிப் பார்க்க வேண்டாம் என்று கொளஞ்சியம்மாள் மகளை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டாள்.

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி, நாளைக்கு ஒன்று. ஆஸ்பத்திரி டாக்டரம்மா அமிர்தத்தின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவளும் போட்டே ஆகவேண்டும் என்றார். குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுங்களா என்று கொளஞ்சியம்மாள் நாலு தடவை கேட்டாள். ஊசி தோலுக்கடியில்தான் இறங்கும், குழந்தையைத் தொடாது, ஆனால் போடாமல் விட்டால் தாயும் இல்லை பிள்ளையும் இல்லை என்றார் டாக்டரம்மா. அமிர்தம் கண்ணை மூடிக்கொண்டு முந்தானையை விலக்கினாள். அவள் பிடித்த பிடியில் கொளஞ்சியம்மாளின் விரல்கள் மரத்துப்போயின.

வெளியே வந்தபோது ஆண்கள் வரிசையில் வீரமுத்துவுக்குப் பின்னால் ஆதிமூலம் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கையும் அதே வாய்க்குள் போன கைதானே என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

தினமும் அதே பஸ், அதே வரிசை. வீரமுத்து அவரோடு பேசவில்லை. மேலதிகாரிக்கு மனு எழுதப்போவதாக மனைவியிடம் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். அவளுக்கும் கோபம் அடங்கவில்லை. ஆனால் நாலாம் நாள், கச்சிராயபாளையம் தாண்டி பஸ் போய்க்கொண்டிருந்தபோது அவளுக்கு ஒன்று தோன்றியது. நாய் செத்துவிட்டது, புதைத்தாகிவிட்டது. இவர் வந்து வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கு என்ன தெரிந்திருக்கும்? ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து அமிர்தம் தண்ணீரைக் கண்டு மிரண்டபோதுதான் தெரிந்திருக்கும். அதற்கு மேல் அவள் நினைக்கவில்லை.

ஆறாம் நாள் வீரமுத்து வர மாட்டேன் என்றுவிட்டார். வயிறு கல்லுகல்லாக வீங்கியிருந்தது, குனிய முடியவில்லை. தன்னை நாய் கடிக்கவே இல்லை, மெட்ராசிலிருந்தும் ஒன்றும் வரவில்லை, கொல்லையில் வேலை கெட்டுப்போகிறது என்றார். கொளஞ்சியம்மாள் அழுதாள், திட்டினாள். அவர் அசையவில்லை. அவளும் மகளும் மட்டும் போய்வந்தார்கள்.

வரிசையில் அவரைக் காணாத ஆதிமூலம் மத்தியானம் வீட்டுக்கே வந்தார். கையில் தந்தி இருந்தது. செவலையின் மூளையில் வெறிநோய் இருந்தது உறுதி என்று அதில் இருந்ததைத் தமிழில் சொன்னார்.

"மனுவை எழுதுங்க. நானே நடந்ததை எழுதி ஆபீசுக்கு அனுப்பிச்சிட்டேன். என்னை அடிக்கணும்னாலும் அடிங்க. ஆனா இன்னிக்கு ஊசி வுட்டுப்போவக் கூடாதுங்க" என்றார்.

வீரமுத்து தந்தியை வாங்கிப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். சட்டையைக் கொத்தாகப் பிடித்த கையால் ஆதிமூலத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் போவதைக் கொளஞ்சியம்மாள் வாசலில் நின்று பார்த்தாள்.

பதினாலும் முடிந்தது. பயம் முடியவில்லை. ஆறு மாதமாவது கவனமாக இருக்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. காலையில் எழுந்ததும் மூன்று பேரும் தண்ணீர் குடிப்பதை அவள் எண்ணாத குறையாகப் பார்ப்பாள். புரட்டாசியில் ஒரு நாள் அவள் சுட்டுவிரலில் சுருக்கென்று குத்தி, நாள் பூராவும் குறுகுறுத்தது. கீறல் பட்ட இடத்தில்தான் முதலில் குறுகுறுக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவள் யாரிடமும் சொல்லவில்லை. கொல்லையில் தனியே உட்கார்ந்து, அமிர்தத்தின் பிரசவத்துக்கு யாரைத் துணைக்கு வைப்பது என்று யோசித்தாள். மறுநாள் வெயிலில் விரலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது மயிரளவுக்கு ஒரு கரும்புச் சொனை தோலுக்குள் நின்றிருந்தது. பிடுங்கிப்போட்டுவிட்டு அங்கேயே குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

கார்த்திகையில் அமிர்தத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆறு மாதமும் ஓடியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீரமுத்து மனு எழுதவே இல்லை. இருந்தாலும் ஆதிமூலத்துக்கு மெமோ வந்து, பின்னாலேயே மாற்றல் உத்தரவும் வந்தது. தை கடைசியில் சொல்லிக்கொள்ள வந்தார். வீரமுத்துவே நாற்காலியை எடுத்துப்போட்டு உட்கார வைத்து, ஆலையிலிருந்து கரும்பு வெட்டு உத்தரவு இன்னும் வராததைப் பற்றிப் பேசினார். கொளஞ்சியம்மாள் டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

"அன்னிக்கு நீங்க வராங்காட்டி இன்னா ஆயிருக்குமோ" என்றாள்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"உங்ககிட்ட மறைக்கக் கூடாதும்மா. சந்தேகம் எனக்கு முந்தின நாளே வந்துடுச்சு. போய்ச் சொல்லலாமா வேணாமான்னு ஒரு ராத்திரி பூரா உக்காந்திருந்தேன். வேலை போயிடுமேன்னுதான்."

வீரமுத்து தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே குழந்தை சிணுங்கியது. கொளஞ்சியம்மாள் போய்த் தூளியை ஆட்டிக்கொண்டு நின்றாள். அந்த ஒரு ராத்திரியை அவளால் மன்னிக்க முடியவில்லை. விடிந்ததும் அவர் வந்ததை மறக்கவும் முடியவில்லை. குழந்தை தூங்கியபின் வெளியே வந்தபோது, அவர் கிளம்பாமல் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். டீ ஆறிப்போயிருந்தது. டம்ளரை எடுத்துப்போய்ச் சூடு பண்ணிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.