துடுப்பில் கட்டிய சட்டை

ஆளில்லாக் காவல் படகுக்கு எதிரியை அடையாளம் காணக் கற்றுக்கொடுப்பதுதான் முத்தியால்பேட்டையில் எங்கள் அலுவலகத்தின் வேலை. அதில் துப்பாக்கி பொருத்துவதற்கு முன் இது கடைசிச் சோதனை. கனகசெட்டிக்குளத்துக் கடலிலிருந்து வந்த காட்சியை நானும் பொறியாளர் அஃப்னானும் திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு மீன்பிடிப் படகில் ஒருவர் எழுந்து நின்று நீளமாக எதையோ தூக்கினார். உடனே அவரைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் விழுந்தது. ஆயுதம், தொண்ணூற்றாறு சதவீதம்.

"கரெக்டா புடிச்சிடுச்சு பாத்தியா செல்வி," என்றார் அஃப்னான்.

"சார், அது துடுப்பு. நுனியில சட்டைய கட்டியிருக்காரு பாருங்க. என்ஜின் நின்னுபோச்சுன்னா எங்க பிள்ளைச்சாவடியில அப்படித்தான் கூப்புடுவாங்க."

"ரெண்டு சதவீதம் தப்பு வரும்னு ரிப்போர்ட்லயே போட்டுட்டோமே."

அதற்குள் சுற்றியிருந்த மூன்று படகுகள் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவரை நோக்கித் திரும்பின. சட்டையைத் தூக்கியது எந்த ஊர்க்காரன் என்று கடலில் யாரும் கேட்பதில்லை.

மூன்றும் சிவப்பாயின. கூட்டுத் தாக்குதல், தொண்ணூற்றொன்பது சதவீதம்.

படகுகள் கடலில் என்னென்ன செய்யும் என்று அதற்கு நாற்பது வகை சொல்லிக்கொடுத்திருந்தோம். அதில் உதவி என்று ஒன்று இல்லை. அந்தப் பட்டியலை எழுதியவள் நான்.