new போட்ட பூலியன்

பொய்யிலிருந்து மெய்யைப் பிரித்தறியும் வல்லமையே மனித குலத்தை உயர்த்தியது. அந்த வல்லமையை எங்கள் தலைமை நிபுணர் ஜாவாஸ்கிரிப்டில் ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டார்.

ஊழியர்களின் ஆண்டுத் தேர்வைத் திருத்தும் நிரல் அது. அவரையும் சேர்த்துப் பதினேழு பேரும் தேர்ச்சி. பதினொரு மணிக்கு இதை முதலாளியிடம் காட்டினால் இயக்குநர் பதவி உறுதி.

பத்தரைக்கு அவருடைய மச்சினி வந்து நின்றாள். நிரல்களைச் சோதிப்பது அவள் வேலை.

"அத்தான், சும்மா ஒரு வெத்துத் தாள் அனுப்பிப் பாத்தேன். பாஸ்னு வருது."

"பாத்தியா, நான் நடத்துன பாடம் தாள் வரைக்கும் இறங்கியிருக்கு!"

"விளையாடாதீங்க. பாஸா இல்லையான்னு சும்மா உண்மை, பொய்னு வெக்காம new Boolean போட்டு வெச்சிருக்கீங்க. அது ஒரு ஆப்ஜெக்ட், டப்பா மாதிரி. உள்ள false, பொய்னு இருந்தாலும், சரிபாக்குற if திறந்து பாக்காது. டப்பா இருக்கா, சரி, உண்மைன்னு விட்டுடும்."

"new போட்டாத்தான்மா கோடுக்கு ஒரு கம்பீரம்."

"முதலாளியும் வெத்துத் தாள் அனுப்பிப் பாத்தாருன்னா?"

அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"எடுத்துடு. என் ஆளுங்க எப்படியும் பாஸாவாங்க."

அவள் new என்ற அந்த மூன்று எழுத்தை அழித்துவிட்டு நிரலை மறுபடி ஓட்டினாள்.

அவர் சொன்னது சரிதான். அவருடைய ஆட்கள் பதினாறு பேரும் தேர்ச்சி. அவர் மட்டும் நூற்றுக்கு இருபத்தொன்பது.